64 வயதில் தனியாகக் கார் ஓட்டி முதுமலை போகலாமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

தருமபுரி டீச்சர்

வணக்கம். தருமபுரியிலிருந்து எழுதுகிறேன். அரசுப் பள்ளியில் 31 வருடம் உயிரியல் எடுத்தேன். ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. வீட்டுக்காரர் தவறி மூன்று வருடம். ஒரே மகன், பெங்களூரில் வேலை.

தமிழ்நாட்டில் ஐந்து தேசியப் பூங்கா என்று வருடா வருடம் பிள்ளைகளை ஒப்பிக்க வைத்தவள் நான். முதுமலை, முக்கூர்த்தி, ஆனைமலையில் இந்திரா காந்தி பூங்கா, கிண்டி, மன்னார் வளைகுடா. இதில் நான் கண்ணால் பார்த்தது கிண்டி மட்டும்தான், அதுவும் பயிற்சிக்குச் சென்னை போன சமயம். மூன்று சதுர கிலோமீட்டர்கூட இல்லாத பூங்கா அது.

எனக்கு முதுமலை போக வேண்டும். தனியாக. என் வேகன் ஆரில். 2009-லிருந்து ஓட்டுகிறேன், சேலம், ஓசூர், திருவண்ணாமலை எல்லாம் நானே போய் வருவேன். மகனிடம் சொன்னேன். "இந்த வயசுல காட்டுக்குத் தனியாவா?" என்றான். டூர் பஸ்ஸில் போகச் சொல்கிறான். போன வருடம் அப்படி ஒரு டூர் போனேன். ஏறு என்றால் ஏற வேண்டும், இறங்கு என்றால் இறங்க வேண்டும். ஒரு குளத்தில் நத்தைக்குத்தி நாரைகள் கூட்டமாக நின்றன. பத்து நிமிடம் நிறுத்துங்கள் என்று கேட்டேன், நிறுத்தவில்லை. எனக்கு அந்தப் பத்து நிமிடம்தான் வேண்டும்.

சர்க்கரை இல்லை. பி.பி. மாத்திரை ஒன்று. இடது முழங்கால் வலி உண்டு. கண்புரை ஆபரேஷன் இரண்டு கண்ணிலும் முடிந்தது. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.


ஓசூர் லேத்

வணக்கம் டீச்சர். எனக்கு 69. சிப்காட்டில் லேத் பட்டறை வைத்திருந்தேன், இப்போது பையன் பார்க்கிறான். பந்திப்பூர், நாகரஹொளே, இரவிகுளம், சைலன்ட் வேலி நான்கும் தனியாகப் போய் வந்தவன்.

முதலில் தூரத்தைக் குறைத்து ஒரு பழக்கப் பயணம் போங்கள். நம்ம பக்கத்திலேயே பன்னேர்கட்டா தேசியப் பூங்கா இருக்கிறது. ஓசூரிலிருந்து ஆனேக்கல், ஜிகணி வழி. செவ்வாய்க்கிழமை விடுமுறை, மற்ற நாளில் காலையிலேயே போய்விடுங்கள். போனோம், வந்தோம் என்று ஒரே நாளில் முடியும். எத்தனை மணி நேரத்தில் முதுகு பிடிக்கிறது, எங்கே பாத்ரூம் தேட வேண்டியிருக்கிறது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எப்போது கண் சொக்குகிறது, எல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன். மதியம் 2 மணிக்கு மேல் நான் ஓட்டக்கூடாது என்று எனக்குப் புரிந்தது பன்னேர்கட்டா போய்த் திரும்பும்போதுதான். அன்றிலிருந்து என் பயணமெல்லாம் காலை 5.30-க்குக் கிளம்பி 12-க்குள் ரூம்.

தனி ஆளுக்கு இன்னொரு விஷயம், செலவு. ஜீப் சஃபாரி என்றால் முழு வண்டிக்கும் நீங்களே கொடுக்க வேண்டி வரும். சைலன்ட் வேலியில் முக்காலியிலிருந்து ஜீப்தான், எனக்கு அப்படித்தான் ஆனது. பிறகு அங்கே வந்த ஒரு குடும்பத்தோடு சேர்ந்துகொண்டேன். முதுமலையிலும் பந்திப்பூரிலும் வேன், பஸ் சஃபாரி உண்டு, ஆளுக்கு ஒரு டிக்கெட். உங்களுக்கு அது போதும். கிளம்பும் முன் சஃபாரி நடக்கிறதா என்று வனத்துறை இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். காட்டுத் தீ, மழை என்று அவ்வப்போது நிறுத்துவார்கள்.


அரூர் மகன்

டீச்சர் மன்னிக்கணும். நான் வேண்டாம்னுதான் சொல்வேன்.

என் அப்பா 71 வயசுல தனியா கார் எடுத்துட்டு மலைக்குப் போனார். நல்லா ஓட்டுவார், உடம்புல ஒரு குறையும் இல்லை. வழியில பக்கவாதம் வந்துடுச்சு. எப்படியோ வண்டியை ஓரம் கட்டியிருக்கார். போற வண்டியெல்லாம், பெரியவர் தூங்குறார்னு நினைச்சுப் போயிருக்கு. ஆஸ்பத்திரி சேரும்போது ஆறு மணி நேரம் ஆயிடுச்சு. ரத்தக்கட்டைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள்ள போடணுமாம். நேரம் தாண்டிடுச்சு, இனி போட முடியாதுன்னுட்டாங்க. இப்ப வலது கை வராது, பேச்சும் குழறும். பக்கத்துல ஒரு ஆள் இருந்திருந்தா அப்பா இன்னைக்கு எங்கிட்ட நல்லா பேசிட்டிருப்பார்.

உங்க மகன் சொல்றதுல தப்பே இல்லை.


தருமபுரி டீச்சர்

தம்பி, இரண்டு முறை படித்தேன். அப்பாவுக்கு இப்படி ஆனது மனதை என்னவோ செய்கிறது. நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். நான் வீட்டிலும் தனியாகத்தான் இருக்கிறேன். ராத்திரி 9 மணிக்குக் கூடத்தில் விழுந்தால் காலை 6-க்குப் பால்காரர் மணி அடிக்கும் வரை ஒருவருக்கும் தெரியாது. ஒன்பது மணி நேரம். அதை யாரும் ஆபத்து என்று சொல்வதில்லை, வீட்டில் பத்திரமாக இருக்கிறேன் என்கிறார்கள். நீங்கள் சொன்ன நாலரை மணி நேரக் கணக்கை இதுவரை நான் யோசித்ததே இல்லை. பயணத்துக்கும் அதை வைத்துத்தான் திட்டம் போட வேண்டும் என்று தோன்றுகிறது.


ஊத்தங்கரை நர்ஸ்

டீச்சரக்கா சொன்னதுதான் சரி. நான் அரசு ஆஸ்பத்திரியில 28 வருஷம் வார்டு பார்த்தவ. அரூர் தம்பி சொல்றது நூத்துக்கு நூறு உண்மை, அந்த ஊசிக்கு நேரம்தான் எல்லாம். நோயாளி தனியா இருந்தாரா, கூட்டத்துல இருந்தாரான்னு நாங்க கேக்க மாட்டோம். "கடைசியா எப்ப நல்லா இருந்தார்?"னுதான் கேப்போம். அதுக்குப் பதில் சொல்ல ஒரு ஆள் வேணும், அவ்வளவுதான்.

அதனால அக்கா, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு போன். மகனுக்கே பண்ணுங்க. லொகேஷன் ஷேர் பண்ணிட்டோம்னு விட்டுடாதீங்க, காட்டுல சிக்னல் போயிடும், மகனுக்குப் பழைய இடமே தெரிஞ்சிட்டிருக்கும். "பத்தரைக்குள்ள பேசுவேன், பேசலைன்னா இந்த நம்பருக்குக் கூப்பிடு"ன்னு ஒவ்வொரு கட்டத்துக்கும் நேரமும் நம்பரும் எழுதிக் கொடுத்துட்டுப் போங்க. அந்த நம்பர் தங்குற இடத்தோடதா இருக்கட்டும்.

காருக்குள்ள கண்ணுல படுற மாதிரி ஒரு தாள் ஒட்டுங்க. பேர், வயசு, ரத்த வகை, என்ன மாத்திரை, எது ஒத்துக்காது, மகன் நம்பர். தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூணுலயும். கன்னடம் முக்கியம், பாதி வழி கர்நாடகா. 108 ரெண்டு மாநிலத்துலயும் வரும்.

இன்னொண்ணு, நம்ம பொம்பளைங்க எல்லாரும் பண்ற தப்பு. பாத்ரூம் கிடைக்காதுன்னு தண்ணியே குடிக்காம போறது. பி.பி. மாத்திரையில நீர் போக வைக்கிற மாத்திரையும் சேர்ந்திருந்தா காலையில அது வேலையைக் காட்டும். அதுக்காக மாத்திரையை நிறுத்தவும் கூடாது, தண்ணியைக் குறைக்கவும் கூடாது. தலை சுத்தும், நீர்க்கடுப்பு வரும், வயசானவங்களுக்கு அதுலேயே புத்தி தடுமாறும். எந்த நேரத்துல போடலாம்னு உங்க டாக்டர்கிட்ட முன்னாடியே கேட்டுக்குங்க. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை வண்டியை நிறுத்தி அஞ்சு நிமிஷம் நடங்க. இறங்கினதும் கதவைப் பிடிச்சுட்டு கொஞ்சம் நின்னு அப்புறம் நடங்க.

இன்சுலின் போடுறவங்க யாராவது இதைப் படிச்சா: வெயில்ல நிறுத்தின கார்ல இன்சுலினை விட்டுட்டுப் போகாதீங்க, கெட்டுப் போயிடும்.


தொப்பூர் கியர்

அம்மா, நான் 34 வருஷம் லாரி ஓட்டினவன். வழி நான் சொல்றேன்.

தருமபுரியில இருந்து முதுமலைக்கு மூணு வழி. ஒண்ணு, தொப்பூர் இறங்கி மேட்டூர், பவானி, சத்தியமங்கலம், திம்பம். திம்பத்துல 27 கொண்டை ஊசி வளைவு. புலிகள் காப்பகம், ராத்திரி 9-லிருந்து காலை 6 வரை வண்டி விட மாட்டாங்க. ரெண்டாவது, மேட்டூர், பாலாறு, மாதேஸ்வரன் மலை, கொள்ளேகால், சாம்ராஜ்நகர், குண்டுலுபேட்டை. அழகான வழி, ஆனா ஆள் நடமாட்டம் கம்மி. மூணாவது, ஓசூர், அங்கிருந்து பெங்களூருக்குள்ள போகாம எலக்ட்ரானிக் சிட்டிகிட்ட நைஸ் ரோடு பிடிச்சு மைசூர் ரோடு, மைசூர், குண்டுலுபேட்டை, பந்திப்பூர், தெப்பக்காடு. முதுமலையோட வரவேற்பு மையம் தெப்பக்காட்டுலதான்.

முதல் தடவைக்கு மூணாவது போங்க. கிலோமீட்டர் கூட வரும், ஆனா மலை ஏற்ற இறக்கம் இல்லை. முதல் நாள் மைசூர் வரைக்கும், சுமார் 270. ராத்திரி தங்கிட்டு மறுநாள் காலையில 95 கிலோமீட்டர் காடு. ஒரே நாள்ல முடிக்கணும்னு நினைக்காதீங்க. பந்திப்பூர் ரோட்டுலயும் ராத்திரி 9-லிருந்து 6 வரை தடை, 2009-ல இருந்தே இருக்கு.

தெப்பக்காட்டுல இருந்து ஊட்டி பார்க்கலாம்னு ஆசை வந்தா கூடலூர் சுத்தி ஏறுங்க. மசினகுடி, கல்லட்டி வழியில 36 கொண்டை ஊசி, ரொம்ப செங்குத்து. அந்த இறக்கத்துல நிறைய வண்டி விழுந்து, வெளியூர் வண்டியை இறங்க விடறதில்லை.

மலை இறங்குறதுக்கு ஒரே பாடம். எந்த கியர்ல ஏறுவீங்களோ அதே கியர்ல இறங்குங்க. பிரேக்கை மிதிச்சுட்டே வந்தா சூடாகி, அப்புறம் மிதிச்சாலும் பிடிக்காது. தொப்பூர் கணவாயில இத்தனை உயிர் போனதுக்கு அதுதான் காரணம். தருமபுரிப் பக்கமிருந்து சேலத்துக்கு இறங்குறப்ப டீசல் மிச்சம் பிடிக்கிறேன்னு நியூட்ரல்ல விடுவாங்க. என் கூட ஓட்டினவங்க ரெண்டு பேரை அங்கதான் தூக்கினோம். கருகின வாசம் வந்தா ஓரமா நிறுத்தி அரை மணி நேரம் ஆற விடுங்க, தண்ணி ஊத்தாதீங்க. ஏறி வர்ற வண்டிக்கு எப்பவும் வழி விடுங்க.

லைசென்ஸ் தேதி பார்த்தீங்களா? 55 தாண்டினா அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும், டாக்டர் சர்டிபிகேட்டோட. காலாவதியான லைசென்ஸோட ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ்ல பிரச்சினை.


கிருஷ்ணகிரி மாங்கா

மூன்று மாதம் மகள் வீட்டில், அமெரிக்காவில் இருந்துவிட்டுப் போன மாதம்தான் வந்தேன். அங்கே 70 வயதுப் பெண்மணிகள் வேனிலேயே படுக்கை போட்டுக்கொண்டு பூங்கா பூங்காவாகத் தனியாகச் சுற்றுகிறார்கள். 62 வயதானால் 80 டாலர் கட்டி ஆயுள் முழுக்க எல்லா தேசியப் பூங்காவுக்கும் ஒரே பாஸ். குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டும்தான், நமக்கு இல்லை. யெல்லோஸ்டோன் போனோம். 1872-ல் உலகத்திலேயே முதலில் தேசியப் பூங்கா என்று அறிவித்த இடம். கிட்டத்தட்ட 9,000 சதுர கிலோமீட்டர், நம் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்தையும் சேர்த்தால்தான் அதைவிடச் சற்றுப் பெரிதாக வரும். அதற்குள் சொந்தக் காரில் போய், ஓரம் கட்டி, இறங்கி நின்று காட்டெருமை பார்க்கலாம்.

அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு இங்கேயும் அப்படி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். நம் ஊரில் 1972 வனவிலங்குச் சட்டப்படி அனுமதி இல்லாமல் உள்ளே நுழையவே முடியாது. நம் கார் வரவேற்பு மையத்தோடு சரி, பிறகு வனத்துறை வண்டிதான். காட்டுக்குள் போகும் பொதுச் சாலையிலும் நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது. டீச்சர் கேட்ட அந்தப் பத்து நிமிடம் சாலையில் கிடைக்காது. தங்கும் இடத்தின் திண்ணையில், ஆற்றங்கரையில் கிடைக்கும். அதனால் ஒரு நாள் கூடுதலாகத் தங்குங்கள்.


ராயக்கோட்டை தக்காளி

நான் விவசாயி. தக்காளி, ராகி. ஒண்ணு கேக்கணும்.

ஆனை பார்க்க 365 கிலோமீட்டர் போறீங்க. ஐப்பசி, கார்த்திகை ஆனா எங்க ஊருக்கே ஆனை வருது. பன்னேர்கட்டாவில இருந்து ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை வழியா சானமாவு வரைக்கும் கூட்டம் கூட்டமா. ராகி பால் பிடிக்கிற வாசம் அதுக்குத் தெரியும். அந்த ரெண்டு மாசம் நாங்க தூங்குறதில்லை. பரண்ல உக்காந்துட்டு டார்ச் அடிச்சு, தகரம் தட்டி விரட்டுவோம். அதே நேரத்துல பெங்களூர்ப் பக்கமிருந்து கார்ல வர்றவங்க ரோட்டை அடைச்சு நிறுத்தி போட்டோ எடுப்பாங்க, ஹாரன் அடிப்பாங்க. மிரண்ட ஆனை திரும்பி எங்க நிலத்துக்குள்ள ஓடி வரும். போன வருஷம் எங்க சித்தப்பாவோட ஒரு ஏக்கர் அப்படித்தான் போச்சு.

2023 மார்ச்ல மாரண்டஹள்ளிப் பக்கம் திருட்டுத்தனமா போட்ட மின்வேலியில மூணு ஆனை செத்துச்சு. ரெண்டு குட்டி அந்த இடத்தை விட்டுப் போகாம சுத்திச் சுத்தி வந்துச்சு. நான் போய்ப் பார்த்தேன். ஆனையால நஷ்டப்பட்டவன்தான் நானும், ஆனா அதைப் பார்த்துட்டு வந்து ராத்திரி சோறு இறங்கலை.

நீங்க டீச்சர், அதனால சொல்றேன். ரோட்டுல ஆனை நின்னா தூரமாவே நிறுத்துங்க. ஹாரன் வேண்டாம், லைட்டைப் போட்டுப் போட்டு அணைக்க வேண்டாம். எஞ்சின் ஓடட்டும், பின்னாடி எடுக்க இடம் விட்டு நில்லுங்க. முதல் ஆனை தாண்டிடுச்சுன்னு கிளம்பாதீங்க, குட்டியோட ஒண்ணு பின்னால வரும். கூட்டமில்லாம ஒத்தையா நிக்கிற ஆண் ஆனைகிட்ட ரொம்ப ஜாக்கிரதை.


பென்னாகரம் டிராவல்ஸ்

தக்காளி அண்ணன் சொன்னது ஒகேனக்கல் ரோட்டுக்கும் பொருந்தும். முண்டச்சிப்பள்ளம்கிட்ட ஆனை குறுக்க வந்துட்டே இருக்கும். நம்ம மாவட்டத்துல தேசியப் பூங்கா இல்லைன்னாலும் காவிரி வடக்கு சரணாலயம் 2014-லயும் காவிரி தெற்கு 2022-லயும் அறிவிச்சாங்க. ரெண்டும் சேர்த்தா 1,190 சதுர கிலோமீட்டர். நாம டிக்கெட் வாங்கினாலும் வாங்காட்டியும் காட்டுக்குள்ளதான் குடியிருக்கோம்.

டீச்சர், நீலகிரிக்குள்ள போக இ-பாஸ் கட்டாயம். 2024 மே 7-ல இருந்து. கர்நாடக எல்லையில இருக்கிற கக்கநல்லா செக்போஸ்ட்லயே பார்ப்பாங்க, முந்தின நாளே ஆன்லைன்ல எடுத்துடுங்க. பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் கொண்டு போகாதீங்க, பிடுங்கிடுவாங்க. எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்குங்க. மைசூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல இறங்க ஓட்டல் அதிகம் இல்லை, சென்னப்பட்டணா இல்ல மத்தூர்ல வெளிய வந்து சாப்பிட்டுட்டு ஏறுங்க.

ரூம் முன்னாடியே போட்டுடுங்க. என் அத்தை ஒரு ஊர்ல சாயங்காலம் தனியா போய் நின்னாங்க. "தனியாவா வந்தீங்க?"னு மேலயும் கீழயும் பார்த்துட்டு ரூம் இல்லைன்னுட்டாங்க. தெப்பக்காட்டுல வனத்துறை விடுதி இருக்கு, ஆன்லைன்ல போடலாம். போன் பண்ணி, 64 வயசு, தனியா வர்றேன், இத்தனை மணிக்கு வருவேன்னு சொல்லி வையுங்க.


அரூர் மகன்

எல்லாரும் சொல்றதைப் படிச்சேன். நாலரை மணி நேரத்தை மனசுல வெச்சுத் திட்டம் போடுறீங்க, அது எனக்குப் பிடிச்சிருக்கு. இருந்தாலும் என்னால "போயிட்டு வாங்க"ன்னு வாய் திறந்து சொல்ல முடியலை டீச்சர். நீங்க திரும்பி வந்ததும் ஒரு வரி போடுங்க.


தருமபுரி டீச்சர்

டிசம்பர் முதல் வாரம், செவ்வாய் கிளம்பி வெள்ளி இரவு வீடு வந்தேன். அரூர் தம்பிக்கு முதலில் அந்த ஒரு வரி: நல்லபடியாக வந்துவிட்டேன்.

லேத் ஐயா சொன்னபடி நவம்பரிலேயே பன்னேர்கட்டா போய் வந்தேன். அங்கே தெரிந்தது, எனக்கு இரண்டு மணி நேரம் கூட அதிகம். எழுபது நிமிடத்தில் முழங்கால் மடக்க முடியாமல் போகிறது. அதனால் மைசூர் வரை ஐந்து இடத்தில் நிறுத்தினேன். கிருஷ்ணகிரி தாண்டி, ஓசூர், நைஸ் ரோட்டுக்கு முன்னால், மத்தூர், பிறகு மைசூர். ஒவ்வொரு நிறுத்தத்திலும் மகனுக்கு ஒரு போன். முதல் இரண்டு அழைப்பில் குரலில் கோபம் இருந்தது. மத்தூரில் "வடை சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டான்.

மறுநாள் காலை மைசூரிலிருந்து 6.30-க்குக் கிளம்பினேன். குண்டுலுபேட்டையில் டீ, அங்கிருந்து மகனிடம் "10.30-க்குள் தெப்பக்காட்டிலிருந்து பேசுவேன்" என்றேன். பந்திப்பூர் எல்லை தொட்டதும் சிக்னல் போனது. புள்ளிமான்கள் சாலையோரம் மாடு போல மேய்ந்தன. அவற்றுக்கு மேலே மரத்தில் மந்திகள். மந்தி கிளையிலிருந்து தழை உதிர்க்கும், மான் கீழே தின்னும், புலி வந்தால் மேலிருந்து மந்தி கத்தும். முப்பத்தொரு வருடம் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு நடத்திய பாடம். காரை நிறுத்த முடியாது, கண் கலங்கி ஓட்டவும் முடியாது, கொஞ்சம் திண்டாடிவிட்டேன்.

ஒரு வளைவில் முன்னால் போன லாரி நின்றது. ஒற்றைக் கொம்பன், சாலை நடுவில். தக்காளி தம்பி சொன்னபடி லாரிக்குப் பின்னால் நல்ல இடைவெளி விட்டு நின்றேன், எஞ்சின் ஓடியது. எதிர்ப்பக்கம் இரண்டு பைக் பையன்கள் போனைத் தூக்கிக்கொண்டு நெருங்கினார்கள். லாரி டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கன்னடத்தில் ஒரு அதட்டு அதட்டினார், பின்வாங்கினார்கள். அது போக முப்பது நிமிடத்துக்கு மேல் ஆனது. அந்த முப்பது நிமிடமும் அதன் காதையே பார்த்துக்கொண்டிருந்தேன். காது அசையும் வரை கவலையில்லை என்று படித்திருக்கிறேன், அசைந்துகொண்டேதான் இருந்தது.

கக்கநல்லாவில் இ-பாஸ் பார்த்தார்கள். தெப்பக்காடு சேர்ந்தபோது மணி 10.50. விடுதி வாசலில் ஒரு ஊழியர் சாலையைப் பார்த்து நின்றார். "தருமபுரி டீச்சரா? பத்தரைக்கே உங்க பையன் கூப்பிட்டாரும்மா. பதினொண்ணு வரைக்கும் பார்த்துட்டு செக்போஸ்ட்டுக்குக் கேக்கலாம்னு இருந்தோம்." நர்ஸ் தங்கச்சி, நீங்கள் எழுதச் சொன்ன நம்பர்தான் அது. இருபது நிமிடத்தில் ஒருவர் எனக்காக வாசலில் நின்றார். என் வீட்டுக் கூடத்தில் இருந்திருந்தால் இருபது நிமிடத்தில் யார் வந்திருப்பார்கள்?

சஃபாரி வேன் படி உயரம். முழங்கால் வலி உள்ளவர்கள் டிரைவரிடம் சொல்லுங்கள், ஒரு கட்டை கொண்டுவந்து போட்டார். காட்டுமாடு கூட்டமாகப் பார்த்தேன், மலபார் மலை அணில் பார்த்தேன், புலி பார்க்கவில்லை. அதிகம் பார்த்தது உண்ணிச்செடி. பூவும் காயுமாக அடர்ந்து கிடக்கிறது, அடியில் புல் முளைப்பதில்லை. மஞ்சள் பூ பூக்கும் சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்ற வெளிநாட்டு மரங்களை வெட்டி எடுத்த இடங்களைக் காட்டினார்கள். அங்கே புல் திரும்பியிருக்கிறது. தேன்கனிக்கோட்டைக் காட்டிலும் இதே உண்ணிச்செடி பார்த்திருக்கிறேன். காட்டில் புல் இல்லாத ஆனை ராகிக்கு வரத்தானே செய்யும்.

மாங்கா அக்கா சொன்னபடி ஒரு நாள் கூடுதலாகத் தங்கினேன். மாயாறு பக்கத்தில் நாற்காலி போட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு மீன்கொத்தி ஒரே கிளையில் இருந்து ஒன்பது முறை பாய்ந்தது, நான்கு முறை மீன். யாரும் என்னை ஏறு, இறங்கு என்று சொல்லவில்லை.

சாயங்காலம் தெப்பக்காடு வளர்ப்பு ஆனை முகாமில் ஆனைகளுக்குச் சோறு கொடுப்பதைப் பார்த்தேன். ராகிக் களி, கொள்ளு, அரிசிச் சோறு, வெல்லம் எல்லாம் உருட்டி, பாகன் கையாலேயே வாய்க்குள் வைக்கிறார். 2017-ல் நம் தேன்கனிக்கோட்டைப் பக்கக் காட்டில் தாயை இழந்து கிடைத்த குட்டி ரகு வளர்ந்தது இந்த முகாமில்தான். தக்காளி தம்பி, அந்தக் களி உருண்டையைப் பார்த்ததும் உங்கள் பரண்தான் ஞாபகம் வந்தது.

ஒரு தவறு செய்தேன், சொல்லிவிடுகிறேன். வரும்போது மைசூரில் தங்காமல் ஒரே நாளில் வீடு வந்தேன். வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்ற அவசரம். கிருஷ்ணகிரி தாண்டும்போது இருட்டிவிட்டது, எதிர் விளக்கு கண்ணில் அடித்தது, கால் இரண்டும் வீங்கிவிட்டன. கியர் அண்ணன் முதலிலேயே எச்சரித்தார். இனி செய்ய மாட்டேன்.


ஊத்தங்கரை நர்ஸ்

வீக்கம் ரெண்டு காலுமா, ஒரு காலா? ரெண்டும்னா காலைத் தலையணை மேல வெச்சுப் படுங்க, வடிஞ்சிடும். ஒரு கால் மட்டும் வீங்கி கெண்டைச்சதை வலிச்சா, உடனே டாக்டர்கிட்ட போகணும். பதில் போடுங்கக்கா.


தருமபுரி டீச்சர்

இரண்டு காலும்தான். நேற்றே வடிந்துவிட்டது. வலி இல்லை.


ஓசூர் லேத்

மகிழ்ச்சி டீச்சர். அடுத்து மூணாறு பக்கத்து இரவிகுளம் போங்கள். பிப்ரவரி, மார்ச்சில் வரையாடு குட்டி போடும் பருவம், மூடிவிடுவார்கள். ஏப்ரலில் போனால் குட்டிகளைப் பக்கத்திலேயே பார்க்கலாம். வனத்துறை பஸ் மேலே வரை போகும், அதிகம் நடக்க வேண்டியதில்லை. குறிஞ்சி 2018-ல் பூத்தது, அடுத்து 2030. அதற்கு எனக்கு 74 ஆகியிருக்கும். லைசென்ஸை இப்போதே அந்தக் கணக்கில் பார்த்து வைத்திருக்கிறேன்.


அரூர் மகன்

அந்த ஒரு வரிக்கு நன்றி டீச்சர். அப்பாவுக்கு உங்க எழுத்தைப் படிச்சுக் காட்டினேன். மீன்கொத்தி வந்த இடத்துல நிறுத்தச் சொன்னார், இன்னொரு தடவை படின்னு இடது கையால காட்டினார்.


ராயக்கோட்டை தக்காளி

எங்க ஊர்ல கூட்டம் கிளம்பிடுச்சு, இந்த வருஷம் ஒரு ஓரம்தான் மிதிபட்டிருக்கு. அடுத்த வாரம் ராகி அறுப்பு. டீச்சர், பகல்ல வாங்க. புது ராகியில களி கிண்டி அம்மா போடுவாங்க. ராயக்கோட்டை வந்து போன் பண்ணுங்க, எத்தனை மணிக்குள்ள வருவீங்கன்னு முன்னாடியே சொல்லிடுங்க. நான் ரோட்டுல வந்து நிக்கிறேன்.